வந்த, வந்து, வர: தமிழ் எச்சங்களைப் பிழையின்றி எழுத

'பேருந்தில் ஏறி உட்கார்ந்து, மழை கொட்டத் தொடங்கியது.'

ஏறி உட்கார்ந்தது யார்? எழுதியவருக்குத் தெரியும், வாக்கியத்தில் அந்த ஆள் இல்லை. இருப்பது மழை மட்டும்தான். ஆகவே வாக்கியத்தின்படி மழைதான் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'நான்' என்று ஒரு எழுவாயைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். சேர்த்துப் பாருங்கள்: 'நான் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, மழை கொட்டத் தொடங்கியது.' இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் கோளாறு எழுவாயில் இல்லை, 'உட்கார்ந்து' என்ற சொல்லில் இருக்கிறது. அது ஒரு வினையெச்சம்.

ஆங்கில இலக்கணத்தில் பார்ட்டிசிப்பிள், இன்ஃபினிட்டிவ் என்ற பெயர்களில் விதி விதியாக மனப்பாடம் செய்திருப்போம். ஏறத்தாழ அதே வேலைகளைத் தமிழில் செய்பவை எச்சங்கள். தாய்மொழிதானே, தானாக வரும் என்று இவற்றைப் பலரும் படிப்பதில்லை. பேச்சில் தானாகத்தான் வருகிறது. எழுத்தில், அதுவும் வாக்கியம் கொஞ்சம் நீண்டால், தடுமாறுகிறது. செய்தியிலும் மொழிபெயர்ப்பிலும் நான் அதிகம் திருத்துவது எச்சங்களைத்தான். ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகினால் இவற்றில் பெரும்பாலான பிழைகள் வராது: இந்த எச்சம் எந்தச் சொல்லைத் தேடி நிற்கிறது?

முற்றும் எச்சமும்

'வந்தாள்' என்று சொல்லி நிறுத்தலாம். வந்தது ஒரு பெண், வந்து முடிந்தது என்பது வரை அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. இது வினைமுற்று. 'வந்த' என்று சொல்லி நிறுத்த முடியாது. வந்த யார், வந்த எது என்று கேட்பவர் காத்திருப்பார். அவருக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும்: வந்த பெண், வந்த கடிதம், வந்த வழி. பெயரைத் தேடி நிற்பதால் இது பெயரெச்சம். 'வந்து' என்று நிறுத்தினாலும் அதே காத்திருப்புதான், ஆனால் இப்போது வேண்டியது ஒரு வினை: வந்து பேசினாள், வந்து நின்றது. 'வர' என்பதற்கும் வினைதான் வேண்டும்: வரச் சொன்னார், வர மறுத்தாள். இவை இரண்டும் வினையெச்சங்கள்.

ஆண், பெண், ஒருமை, பன்மை என்பதையெல்லாம் எச்சம் காட்டாது. வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தன என்று முற்று மாறிக்கொண்டே போகும்; 'வந்த' எல்லோருக்கும் 'வந்த'தான், 'வந்து'ம் அப்படியே. எச்சத்தைப் பார்த்து யாருடைய செயல் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பெயரெச்சம்

பெயரெச்சம் காலம் காட்டும். எழுதிய, எழுதுகிற அல்லது எழுதுகின்ற, எழுதும் என்று மூன்று காலத்துக்கும் வடிவம் உண்டு. எதிர்மறைக்கு 'எழுதாத' ஒன்றே மூன்று காலத்துக்கும் போதும். நல்ல, பெரிய, சிறிய போன்றவையும் பெயரெச்சங்கள்தான். காலத்தை வெளிப்படையாகக் காட்டாததால் அவற்றுக்குக் குறிப்புப் பெயரெச்சம் என்று பெயர்.

தமிழ்ப் பெயரெச்சத்தின் பெரிய வசதி, அது எந்த உறவையும் தாங்கிக்கொள்ளும் என்பது. பாடிய பெண் என்றால் அவள் பாடினாள். பாடிய குரல் என்றால் அந்தக் குரலால் பாடினார்கள். பாடிய மேடை என்றால் அதன்மேல் நின்று பாடினார்கள். பாடிய நாள், பாடிய பாடல் என்று நீட்டிக்கொண்டே போகலாம். 'ஆடிய ஆட்டம்' என்று செயலையே பெயராக்கியும் சேர்க்கலாம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என இந்த உறவுகளை ஆறாக நன்னூல் வகுத்தது. அது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். இடையில் 'எதில்', 'எதனால்', 'எப்போது' என்று ஒட்டுச்சொல் ஏதும் தேவைப்படாமல் ஆறு உறவும் ஒரே வடிவத்தில் நிற்கின்றன.

இந்த வசதியே சில இடங்களில் குழப்பமும் ஆகும். 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது? புலியைக் கொன்ற யானை என்றும் படிக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் படிக்கலாம். இதையொத்த 'புலிகொல் யானை' என்ற தொடரைப் பழைய உரையாசிரியர்களே எடுத்துக்காட்டி, பொருள் இருபக்கமும் போகும் என்று விளக்கியிருக்கிறார்கள். தீர்வு எளிது: வேற்றுமை உருபை விட்டுவிடாதீர்கள். 'புலியைக் கொன்ற யானை' என்று ஓர் 'ஐ' சேர்ந்ததும் சந்தேகம் தீர்ந்தது. 'பார்த்த மருத்துவர்' என்று மொட்டையாக எழுதாமல் 'என்னைப் பார்த்த மருத்துவர்' என்றோ 'நான் பார்த்த மருத்துவர்' என்றோ எழுதினால் பார்த்தது யார் என்பது தெளிவாகிவிடும்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று செய்திகளில் வரும். 'நேற்று இறந்த அமைச்சரின் தம்பி' என்று எழுதிவிடுவார்கள். இறந்தது அமைச்சரா, தம்பியா? பெயரெச்சம் தனக்கு அடுத்துள்ள பெயரைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே படிப்பவர் முதலில் அமைச்சரைத்தான் நினைப்பார். இங்கே எச்சத்தை எங்கே நகர்த்துவது என்று யோசிப்பதைவிட முற்றாக்கிவிடுவதே நல்லது: 'அமைச்சரின் தம்பி நேற்று இறந்தார்.' அடுத்த செய்தியை அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம்.

மொழிபெயர்ப்புகளில் பெருகிவிட்ட 'பட்ட'வைப் பற்றியும் சொல்லவேண்டும். 'அரசால் அறிவிக்கப்பட்ட திட்டம்', 'என்னால் எழுதப்பட்ட கடிதம்', 'அவரால் உருவாக்கப்பட்ட குழு'. இவை இலக்கணப் பிழைகள் அல்ல. ஆனால் செய்தவர் பெயர் கையில் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு? 'அரசு அறிவித்த திட்டம்', 'நான் எழுதிய கடிதம்', 'அவர் உருவாக்கிய குழு'. தமிழ்ப் பெயரெச்சம் தன் எழுவாயைத் தன்னோடு அழைத்துவரும். அந்த ஆற்றலைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்பு. செய்தவர் யாரென்று தெரியாதபோது மட்டும் 'பட்ட' வரட்டும்: 'திருடப்பட்ட வண்டி'.

இன்னொன்று 'கூடிய'. 'இங்கே இருக்கக்கூடிய மக்கள்', 'நடைபெறக்கூடிய கூட்டத்தில் பேசக்கூடியவர்கள்' என்று மேடையிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டு, அது எழுத்துக்கும் வந்துவிட்டது. 'கூடும்' என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற பொருளைத் தருவது. 'நாளை மழை பெய்யக்கூடிய பகுதிகள்' சரி, ஏனென்றால் உறுதி இல்லை. கண்முன்னே இருக்கும் மக்களை 'இருக்கக்கூடிய' என்றால் அவர்கள் இருப்பதே சந்தேகம் என்றாகிறது. 'இங்கே இருக்கும் மக்கள்', அல்லது இன்னும் சுருக்கமாக 'இங்குள்ள மக்கள்' போதும்.

'செய்து' யாருடையது

இனி வினையெச்சம். முதலில் 'செய்து' என்ற வாய்பாடு: வந்து, படித்து, ஓடி, போய், எழுதி எல்லாம் இதில் அடங்கும்.

இது இறந்தகால வடிவம் என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் 'நாளை வந்து தருகிறேன்' என்கிறோமே, நாளைக்கு நடக்கப்போவது எப்படி இறந்தகாலம் ஆகும்? இங்கே இறந்தகாலம் என்பது பேசும் நேரத்தை வைத்துச் சொல்வதல்ல, முடிக்கும் வினையை வைத்துச் சொல்வது. தருவதற்கு முன்பு வருதல் முடிந்திருக்கும், அவ்வளவுதான். சில சமயம் இந்த முன்பின் உறவுகூட மங்கி, செயல் நடந்த விதத்தை மட்டும் 'செய்து' காட்டும். 'சிரித்துப் பேசினாள்' என்றால் சிரித்து முடித்துவிட்டு, பிறகு பேசினாள் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. முன்பின் வரிசைதான் முக்கியம் என்றால் 'சிரித்துவிட்டுப் பேசினாள்' என்று 'விட்டு' சேர்க்கவேண்டும். சமையல் குறிப்பிலோ கருவி விளக்கத்திலோ இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் படிப்பவர் வரிசையைத் தவறவிடுவார்.

இப்போது மழை ஏறிய பேருந்துக்கு வருவோம். 'செய்து' எச்சத்தின் முதன்மையான விதி இது: எச்சத்தின் செயலைச் செய்தவரும் அதை முடிக்கும் வினையைச் செய்தவரும் ஒருவராகவே இருக்கவேண்டும். வந்து பேசினாள் என்றால் வந்தவளும் அவள், பேசியவளும் அவள். எச்சம் யாரையும் காட்டாது என்று மேலே பார்த்தோம். அதனால்தான் அது தன் எழுவாயை முற்றிடமிருந்து கடன் வாங்குகிறது. முற்றுக்கு மழை எழுவாய் என்றால் எச்சத்துக்கும் மழையே எழுவாய்.

இது இன்றைய நடைக்காக யாரோ கண்டுபிடித்த விதி அல்ல. தொல்காப்பியம் வினையியலில் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லி, அவற்றுள் முதல் மூன்றான செய்து, செய்யூ, செய்பு என்பவை 'வினைமுதல் முடிபின' என்கிறது. வினைமுதல் என்றால் செயலைச் செய்பவர். நன்னூல் பன்னிரண்டு வாய்பாடுகளைச் சொல்கிறது (343ஆம் நூற்பா). அடுத்த நூற்பாவிலேயே செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்ற முதல் நான்கும், வான், பான், பாக்கு என்ற கடைசி மூன்றும் தம் வினைமுதலையே கொண்டு முடியும் என்றும், மற்றவை பிறருடைய வினையையும் ஏற்கும் என்றும் பிரித்துவிடுகிறது. பன்னிரண்டில் இன்றைய உரைநடையில் உயிரோடு இருப்பவை செய்து, செய, செயின் என்ற மூன்றும்தான். 'செயின்' பெரும்பாலும் 'செய்தால்' என்ற உருவில் வருகிறது. இந்த மூன்றில் ஆளை மாற்ற அனுமதிக்காதது 'செய்து' ஒன்றே. 'மழை பெய்தால் நான் வரமாட்டேன்' என்று இரண்டு எழுவாயோடு எழுதலாம். 'மழை பெய்து நான் வரவில்லை' என்று எழுத முடியாது.

விதிக்கு விலக்குகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நல்ல வாக்கியங்களையும் திருத்திக் கெடுத்துவிடுவோம். 'குழந்தை முகம் வாடி நின்றது.' வாடியது முகம், நின்றது குழந்தை. எழுவாய் வேறாயிற்றே? முகம் குழந்தையின் உறுப்பு. உறுப்பின் வினை அதை உடைய முழுப்பொருளின் வினையோடு முடியலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வெளிப்படையாக இடம் கொடுக்கின்றன. கண் கலங்கிப் பேசினார், கால் இடறி விழுந்தாள், குரல் கம்மிப் பாடினார் எல்லாம் நல்ல தமிழ்.

'மழை பெய்து குளம் நிரம்பியது' என்பதையும் நாம் தயங்காமல் சொல்கிறோம். 'ஞாயிறு பட்டு வந்தான்' என்ற பழைய எடுத்துக்காட்டும் இப்படிப்பட்டதே. ஞாயிறு பட, அதாவது சூரியன் மறைய, வந்தான் என்பது பொருள். வடிவம் 'செய்து', பொருள் 'செய'. ஒரு எச்சம் இன்னொன்றின் பொருளில் வருவதை நன்னூல் ஏற்கிறது. மழைக்கும் குளத்துக்கும் இடையில் காரணத் தொடர்பு இறுக்கமாக இருப்பதால் காது உறுத்துவதில்லை. பேருந்தில் ஏறியதற்கும் மழைக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை, அதனால் உறுத்துகிறது.

'அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது' என்பதைச் சிலர் பிழை என்று திருத்துவார்கள். முற்றுக்கு எழுவாய் சிரிப்பு, கேட்டதோ நான் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேட்டவரும் சிரித்தவரும் ஒருவரே. 'எனக்கு' என்ற சொல் அந்த ஆளை வாக்கியத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியும் விடுகிறது. எனக்குப் பசித்தது, எனக்குக் கோபம் வந்தது என்று உணர்வுகளை நான்காம் வேற்றுமையில் சொல்வது தமிழின் இயல்பு. அந்த இயல்போடு எச்சம் ஒத்துப்போவதில் தவறில்லை. 'எனக்கு' என்பதையும் எடுத்துவிட்டு 'அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது' என்று எழுதினால்தான், எழுத்தில், கொஞ்சம் தொங்குகிறது.

விலக்குகளில் அடங்காத வாக்கியத்தை எப்படித் திருத்துவது? ஒன்று, இரண்டு செயலையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாம்: 'பேருந்தில் ஏறி உட்கார்ந்து, கொட்டத் தொடங்கிய மழையைப் பார்த்தேன்.' இன்னொன்று, வினையெச்சத்தை எடுத்துவிட்டுப் பெயரெச்சத்தோடு ஒரு காலச்சொல்லைச் சேர்க்கலாம்: 'நான் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது மழை கொட்டத் தொடங்கியது.' உட்கார்ந்தபோது, உட்கார்ந்தபின், உட்கார்ந்ததும், உட்கார்ந்ததால் இவற்றுக்குத் தனி எழுவாய் இருக்கலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். சொல்ல வந்ததை வளைக்காமல், காலமா காரணமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

'ஓடிக்கொண்டே நாயைப் பார்த்தேன்' என்றால் ஓடியது நான். நாய் ஓடியதைச் சொல்ல 'ஓடிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தேன்' என்று பெயரெச்சம் வேண்டும். வினையைத் தேடும் எச்சம், பெயரைத் தேடும் எச்சம் என்ற வேறுபாடு இந்த இரண்டு வாக்கியங்களில் நன்றாகத் தெரியும்.

'செய' தரும் மூன்று பொருள்

வர, படிக்க, பெய்ய, ஓட ஆகியவை 'செய' வாய்பாடு. ஆங்கில இன்ஃபினிட்டிவுக்கு அருகில் நிற்பது இதுதான், ஆனால் இதன் வீச்சு அதைவிடப் பெரிது. உரையாசிரியர்கள் தரும் மூன்று எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

மழை பெய்ய நெல் விளைந்தது.
நெல் விளைய மழை பெய்தது.
ஞாயிறு பட வந்தான்.

முதலாவதில் பெய்தல் காரணம், விளைதல் விளைவு. பெய்தது முன்னால் நடந்தது. இரண்டாவதில் அதே இரண்டு செயல்கள் இடம் மாறி, எச்சம் விளைவைச் சொல்கிறது. நெல் விளைவது மழைக்குப் பின்னால். மூன்றாவதில் காரணமும் இல்லை, விளைவும் இல்லை; சூரியன் மறைவதும் அவன் வருவதும் ஒரே வேளையில் நடக்கின்றன. ஒரே வடிவம் முன்னையும் காட்டுகிறது, பின்னையும் காட்டுகிறது, உடன்நிகழ்வதையும் காட்டுகிறது. மூன்றிலும் எழுவாய்கள் வேறுவேறு என்பதையும் கவனியுங்கள். 'செய்து' மறுத்ததை 'செய' அனுமதிக்கிறது.

அன்றாட எழுத்தில் இந்த எச்சம் பெரும்பாலும் நோக்கம் சொல்லவே வருகிறது: படிக்க வந்தாள், பார்க்கப் போனோம். இங்கே 'படிப்பதற்கு', 'படிப்பதற்காக' என்றும் எழுதலாம், பிழையில்லை. எச்சத்துக்கும் முற்றுக்கும் இடையில் நிறையச் சொற்கள் வரும்போது 'அதற்காக' உதவியாகவும் இருக்கும். பக்கத்திலேயே முற்று இருக்கும்போது 'படிக்க வந்தாள்' போதும்.

வேண்டும், கூடாது, முடியும், இயலும், தொடங்கு, மறு, விரும்பு, சொல் போன்ற வினைகள் 'செய'வையே கேட்டு வாங்கும்: வர வேண்டும், பேசத் தொடங்கினார், பாடச் சொன்னார்கள். இதில் அடிக்கடி தடுக்குவது 'முடியும்'. 'நான் வர முடியும்' என்று எழுதுகிறார்கள். முடிவது வருதல், அது என்னால் முடிகிறது. ஆகவே 'என்னால் வர முடியும்', 'அவர்களால் செய்ய முடியவில்லை' என்றுதான் எழுதவேண்டும். 'வேண்டும்' அப்படி அல்ல, 'நான் வர வேண்டும்' சரியே.

ஒற்று எங்கே மிகும்

வல்லினம் மிகுமா மிகாதா என்பதைத் தனி நினைவுச் சுமையாக வைத்துக்கொண்டு பலர் அவதிப்படுகிறார்கள். எச்சங்களைப் பொறுத்தவரை, எந்தச் சொல்லைத் தேடுகிறது என்ற அதே கேள்வியே பெரும்பாதி விடையைத் தந்துவிடும்.

பெயரெச்சத்தின் பின் மிகாது. எழுதிய கடிதம், படித்த பெண், பெரிய பெட்டி, எழுதாத பக்கம். 'செய்தப்போது', 'வந்தப்பின்' என்று எழுதுவது பரவலான பிழை. செய்த, வந்த என்பவை பெயரெச்சங்கள், எனவே செய்தபோது, வந்தபின். ஒரே ஒரு விலக்கு: எதிர்மறைப் பெயரெச்சம் தன் கடைசி எழுத்தான 'த'வை இழந்து நின்றால் மிகும். தீராத பகை, ஆனால் தீராப் பகை. அழியாத புகழ், ஆனால் அழியாப் புகழ்.

வினையெச்சத்தில் 'செய' வந்தால் மிகும்: வரச் சொன்னார், படிக்கக் கொடுத்தார். இகரத்திலும் ய் என்ற மெய்யிலும் முடிந்தால் மிகும்: ஓடிப் போனாள், போய்ச் சேர்ந்தது. உகரத்தில் முடிந்தால் அதற்கு முந்திய எழுத்தைப் பார்க்கவேண்டும். படித்து, கேட்டு, விற்று என்று வல்லின மெய் முன்னால் இருந்தால் மிகும்: படித்துக் காட்டினார், கேட்டுச் சொன்னாள். வந்து, நின்று, செய்து, அழுது போன்றவற்றில் முன்னால் இருப்பது வல்லின மெய் இல்லை. மிகாது: வந்து பார்த்தார், நின்று கேட்டாள், செய்து கொடுத்தான், அழுது தீர்த்தாள்.

வினைத்தொகையிலும் மிகாது. காலம் காட்டும் உறுப்பு மறைந்த பெயரெச்சமே வினைத்தொகை என்கிறது நன்னூலின் 364ஆம் நூற்பா. ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் மூன்றையும் ஒன்றாக அடக்கியது ஊறுகாய். 'ஊறுக்காய்' என்று யாரும் எழுதுவதில்லை. அதே உணர்வோடு ஏவுகணை, சுடுகாடு, குடிதண்ணீர் என்று எழுதினால் போதும்.

இவற்றையெல்லாம் ஒன்றே முக்கால் அடியில் பார்க்க முடியும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்பது 391ஆம் குறள். முதல் சொல் 'கற்க'வின் பின் ஒற்று இல்லை. அடுத்த சொல் 'கசடற'வின் பின் 'க்' இருக்கிறது. இரண்டும் அகரத்தில்தான் முடிகின்றன, இரண்டுக்கும் பிறகு வருவது 'க'தான். வேறுபாடு எங்கே? முதல் 'கற்க' எச்சமே அல்ல. கற்கவேண்டும் என்று விதிக்கும் வியங்கோள் வினைமுற்று. முற்றுக்கு அடுத்த சொல் தேவையில்லை, ஒற்றும் மிகவில்லை. 'கசடற' என்பது கசடு அறும்படி என்ற பொருளில் 'கற்க' என்ற அந்த வினையையே தேடும் செய எச்சம், அதனால் மிகுந்தது. 'கற்றபின்' பெயரெச்சம், மிகவில்லை. கடைசிச் சொல்லான 'தக' மறுபடி செய எச்சம். அது தேடும் 'நிற்க' என்ற வினை செய்யுளில் முன்னே வந்துவிட்டது. உரைநடையாக்கினால் 'அதற்குத் தக நிற்க' என்று ஆகும். இதே 'கற்க' என்ற வடிவத்தை 'கற்கச் சென்றாள்' என்று எழுதும்போது அது எச்சம் ஆகிறது, உடனே 'ச்' வந்துவிடுகிறது.

சேர்த்தும் பிரித்தும்

வினையெச்சத்துக்குப் பின் வரும் வினை சில சமயம் தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, முன்னுள்ள வினைக்குத் துணையாகிவிடும். கொள், விடு, இரு, போடு, பார் எல்லாம் இப்படித் துணைவினை ஆகக்கூடியவை. துணைவினையைச் சேர்த்து எழுதுவது நல்லது. அது வெறும் அச்சு அழகுக்காக அல்ல. 'கூண்டிலிருந்து கிளியை எடுத்துவிட்டான்' என்றால் எடுத்து முடித்தான். 'கூண்டிலிருந்து கிளியை எடுத்து விட்டான்' என்றால் எடுத்துப் பறக்க விட்டான். 'எழுதிப்பார்த்தான்' என்றால் முயன்றான். 'எழுதி, பார்த்தான்' என்றால் எழுதினான், பிறகு கண்ணால் பார்த்தான். ஓர் இடைவெளியும் ஒரு காற்புள்ளியும் செயல்களின் எண்ணிக்கையையே மாற்றிவிடுகின்றன.

முற்று எதிர்மறையானால்

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. 'அவர் உட்கார்ந்து பேசினார்' என்பதில் சிக்கல் இல்லை. முற்றை எதிர்மறையாக்குங்கள்: 'அவர் உட்கார்ந்து பேசவில்லை.' உட்கார்ந்தாரா, இல்லையா? பேசினாரா, இல்லையா? நின்றுகொண்டே பேசினார் என்றும் கொள்ளலாம். உட்கார்ந்தார், ஆனால் வாய் திறக்கவில்லை என்றும் கொள்ளலாம். இரண்டும் நடக்கவில்லை என்றும் கொள்ளலாம். 'இல்லை' என்ற மறுப்பு முற்றோடு நிற்கிறதா, எச்சத்தையும் தொடுகிறதா என்பதை வாக்கியம் சொல்லவில்லை. பேச்சில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் அந்த அழுத்தம் கிடையாது.

ஆகவே ஒப்பந்தம், அறிக்கை, செய்தி என எங்கெல்லாம் பொருள் ஒன்றாகவே இருக்கவேண்டுமோ, அங்கெல்லாம் எதிர்மறை முற்றுக்கு முன் 'செய்து' எச்சம் வந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். 'விண்ணப்பதாரர் படித்துக் கையெழுத்திடவில்லை' என்று ஒரு குறிப்பு எழுதினால், கையெழுத்து இருக்கிறது என்று ஒருவரும், இல்லை என்று இன்னொருவரும் வாதாடலாம். கையெழுத்து இருக்கிறதென்றால் 'படிக்காமல் கையெழுத்திட்டார்' என்று மறுப்பை எச்சத்தின் மேலேயே வையுங்கள். இல்லையென்றால் 'படித்தார், கையெழுத்திடவில்லை' என்று இரண்டு முற்றாகப் பிரித்துவிடுங்கள். இரண்டுமே நடக்கவில்லை என்றால் 'படிக்கவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை.'